டோர்ட்முண்டில் இருந்துகொண்டு கோவில்பட்டி நேரத்தில் வாழ்ந்த குளிர்காலம்

2022 அக்டோபர் 1, சனிக்கிழமை இரவு ஒன்பது மணிக்கு டோர்ட்முண்டில் என் அறைக் கதவைத் திறந்து பெட்டிகளை உள்ளே தள்ளினேன். மறுநாள் ஞாயிறு. ஜெர்மனியில் ஞாயிற்றுக்கிழமை கடை திறக்க மாட்டார்கள் என்று கேள்விப்பட்டிருந்தேன். அதற்கு மறுநாள் அக்டோபர் 3. இரண்டாகக் கிடந்த ஜெர்மனி 1990-இல் ஒன்று சேர்ந்த நாள், நாடு முழுக்க விடுமுறை. அது எனக்குத் தெரியாது. இறங்கியதும் முதல் இரண்டு நாள் ஊரே சாத்திக் கிடந்தது. அம்மா கட்டிக் கொடுத்த புளிக்காய்ச்சல் இருந்தது, பிசைய அரிசி இல்லை. "அரிசி அங்கேயே கிடைக்கும், எடை வேண்டாம்" என்று பெட்டியில் இருந்து நானே எடுத்து வைத்துவிட்டேன். இரண்டு நாளும் கடலை மிட்டாயும் குழாய்த் தண்ணீரும்தான். பெரிய ரயில் நிலையங்களுக்குள் இருக்கும் கடைகள் ஞாயிறும் விடுமுறை நாளும் திறந்திருக்கும் என்பது பிறகுதான் தெரிந்தது. என் அறையில் இருந்து நடந்தே போகிற தூரம். கேட்க ஆள் இல்லை. யாரையும் கேட்கலாம் என்று தோன்றவும் இல்லை.

போகப் போகிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான்: டிக்கெட் போடும்போது இறங்குகிற நாள் என்ன கிழமை, அடுத்த நாள் அங்கே விடுமுறையா என்று பாருங்கள். செவ்வாயோ புதனோ பகலில் போய் இறங்குங்கள். முதல் இரண்டு நாள் பசியோடும் பயத்தோடும் கழிந்தால் அந்த ஊர் மேல் ஒரு வெறுப்பு உட்கார்ந்துவிடுகிறது. எனக்கு அது போகவே ஐந்தாறு மாதம் ஆனது.

என் அப்பா கோவில்பட்டியில் ஒரு தீப்பெட்டி ஆபீஸில் கணக்கு எழுதுகிறவர். நான் மதுரையில் பி.இ. முடித்து, சென்னையில் இரண்டு வருஷம் வேலை பார்த்து, அந்தச் சேமிப்போடு வங்கிக் கடனும் சேர்த்துத்தான் முதுகலைக்குக் கிளம்பினேன். ஜெர்மனி விசாவுக்கு ஒரு வருஷச் செலவுக்கான பணத்தை முன்கூட்டியே முடக்கப்பட்ட கணக்கில் போட்டுக் காட்ட வேண்டும். அந்தச் சமயத்தில் அது 10,332 யூரோ. அன்றைய மதிப்பில் எட்டேகால் லட்சம் ரூபாய்க்குப் பக்கம். அதில் இருந்து மாதம் 861 யூரோதான் எடுக்க முடியும். இவ்வளவு பணத்தைக் கட்டிவிட்டு வந்திருக்கிறோம், அழுதால் யார் காதில் விழுந்தாலும் என்ன நினைப்பார்கள் என்கிற எண்ணமே என் வாயை அடைத்துவிட்டது. ஊர் நினைப்பை விட அந்த வாயடைப்புதான் என்னை அதிகம் பாதித்தது என்று இப்போது நினைக்கிறேன்.

தங்குகிற இடத்தில்தான் முதல் தவறு செய்தேன். அங்கே மாணவர்கள் மூன்று நான்கு பேராகச் சேர்ந்து ஒரு வீடு எடுத்து, ஆளுக்கொரு அறை, சமையலறை பொது என்று இருப்பார்கள். வேகே என்று சொல்வார்கள். எனக்கு 310 யூரோவுக்கு அப்படி ஓர் அறை கிடைத்தது. ஆனால் அந்த வீட்டில் இரண்டு பெண்களோடு ஒரு பையனும் இருந்தான். சொந்தக்காரர்களுக்கு என்ன சொல்வது என்று அம்மா பயந்தாள். உண்மையில் எனக்கும் பயம்தான். அதனால் 390 யூரோவுக்குத் தனி வீடாக எடுத்தேன். ஓர் அறை, மூலையில் இரண்டு அடுப்பு, ஒரு ஜன்னல். பாதுகாப்பாகத்தான் இருந்தது. ஆனால் வெள்ளிக்கிழமை மாலை கதவைச் சாத்தினால் திங்கள் காலை வரை என் குரலை நானே கேட்க மாட்டேன். செலவும் கூடத்தான். டிவி, ரேடியோ கட்டணம் என்று வீட்டுக்கு மாதம் 18.36 யூரோ எல்லோரும் கட்டியாக வேண்டும், வீட்டில் டிவி இல்லாவிட்டாலும். மூன்று பேர் இருந்தால் ஆளுக்கு ஆறு யூரோ. நான் முழுதும் கட்டினேன்.

ஊர் ஏக்கம் முதல் வாரமே வரும் என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். எனக்கு முதல் மூன்று வாரம் பதிவு, வங்கி, இன்சூரன்ஸ் என்று அலைந்ததில் எதுவும் தெரியவில்லை. அக்டோபர் 24 தீபாவளி, திங்கட்கிழமை. காலை எட்டு மணிக்கே வகுப்பு. தலைக்கு எண்ணெய் வைக்காமல், பழைய ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு ரயிலில் நின்றபோது முதல் தடவையாகத் தொண்டை அடைத்தது. அந்த வாரக் கடைசியில், அக்டோபர் 30 அன்று, கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் திருப்பினார்கள். ஊருக்கும் எனக்கும் மூன்றரை மணி நேர வித்தியாசம் நாலரை ஆனது. ஒரே இரவில் வீடு இன்னும் ஒரு மணி நேரம் தள்ளிப் போய்விட்டது மாதிரி இருந்தது. இதெல்லாம் ஒரு விஷயமா என்று தோன்றலாம். எனக்கு அன்றைக்கு அதுதான் பெரிய விஷயம்.

அப்புறம் நடந்ததுதான் நான் சொல்ல வந்தது. அம்மா விடிகாலை ஐந்து மணிக்கு எழுந்து வாசல் தெளிப்பாள். டோர்ட்முண்டில் அப்போது நள்ளிரவு பன்னிரண்டரை. நான் அதுவரை விழித்திருந்து போன் போடுவேன். அம்மா போனைத் திண்ணையில் சாய்த்து வைத்துவிட்டு வேலையைப் பார்ப்பாள். வாளியில் இருந்து தண்ணீர் அள்ளி வீசுகிற சத்தம், விளக்குமாறு சத்தம், பால்காரரின் சைக்கிள் மணி, எதிர்வீட்டு மதினி "புள்ள பேசுதாளா?" என்று கேட்கிற குரல். திரையில் முக்கால்வாசி நேரம் எங்கள் வீட்டு ஓட்டுச்சரிவுதான் தெரியும். அதைப் பார்த்துக்கொண்டே படுத்திருப்பேன். தூங்க மூன்று மணி ஆகும், எழுந்திருக்கப் பதினொன்று. நவம்பர் கடைசியில் அங்கே மாலை நாலரைக்கெல்லாம் இருட்டிவிடும். டிசம்பரில் காலை எட்டரை வரை விடியாது. ஆக எனக்குக் கிடைத்த பகல் வெளிச்சமே ஒரு நாளைக்கு ஐந்து மணி நேரம், அதையும் அறைக்குள்ளேயே கழித்தேன். மாணவர்கள் ஒருவரோடு ஒருவர் பழகுவது காலை வகுப்புக்கு முன்னும் மதியம் மென்சாவில், அதாவது பல்கலைக்கழகச் சாப்பாட்டுக் கூடத்தில், ஒன்றாக உட்காரும்போதும்தான். அந்த இரண்டு நேரத்திலும் நான் இல்லை. உடம்பு ஜெர்மனியில், நேரம் கோவில்பட்டியில். இப்படி இருந்தால் யாருக்கும் நண்பர்கள் கிடைக்க மாட்டார்கள். எனக்கு மட்டும் கிடைக்கவில்லை, என்னிடம்தான் ஏதோ குறை என்று நான் நினைத்துக்கொண்டேன்.

அது ரஷ்யா, உக்ரைன் போரால் எரிவாயு விலை ஏறிய குளிர்காலம் வேறு. வருஷக் கடைசியில் பெரிய பில் வரும் என்று வீட்டுக்காரர் பயமுறுத்தியிருந்ததால் ஹீட்டரை ஒன்றுக்கு மேல் திருப்பவே மாட்டேன். படுக்கையில் இரண்டு ஸ்வெட்டர். ஜன்னலைத் திறக்காததால் சுவரில் பூஞ்சை வந்தது. தினமும் இரண்டு மூன்று தடவை ஜன்னலை ஐந்து நிமிடம் முழுக்கத் திறந்து மூட வேண்டும் என்பது அங்கே சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும்.

ஒரு தோழி இருந்தாள். திருச்சிக்காரி, என்னை விட ஒரு வயது மூத்தவள், அதே வகுப்பு. அவளோடுதான் கடைக்குப் போவேன், அவளோடுதான் பேசுவேன், அவள் வராத வகுப்புக்கு நானும் போக மாட்டேன். நவம்பர் நடுவில் அவளுக்கு ஸ்டுட்கார்ட்டில் ஒரு கம்பெனியில் பயிற்சி வேலை கிடைத்தது. நல்ல வேலை, போகத்தான் வேண்டும். ரயில் ஏற்றிவிட்டு வந்த அன்று அறையில் உட்கார்ந்து அவள் மேல் அவ்வளவு கோபப்பட்டேன். அடுத்த ஒரு மாதம் அவள் அனுப்பிய செய்திகளுக்குச் சரியாகப் பதில் போடவில்லை. அவளுக்கு அங்கே என்ன நிலைமை, அவளும் தனியாகத்தானே இருக்கிறாள் என்று ஒரு தடவைகூட யோசிக்கவில்லை. ஒரே ஆள் மேல் மொத்த பாரத்தையும் போட்டது என் தவறு. வெளிநாட்டில் மாணவர்கள் ஆறு மாதத்துக்கு ஓர் ஊர் மாறுவார்கள். ஒரு கை போனாலும் பிடிக்க இன்னொன்று இருக்க வேண்டும். வகுப்பில் ஒருவர், தங்கும் இடத்தில் ஒருவர், இரண்டுக்கும் சம்பந்தமில்லாத ஓர் இடத்தில் ஒருவர் என்று மூன்று பக்கமும் மெதுவாகப் பழகி வையுங்கள். நெருக்கமாக இருக்க வேண்டும் என்றுகூட இல்லை.

டிசம்பரில் ஊர் நடுவே பெரிய கிறிஸ்துமஸ் மரம் வைத்திருந்தார்கள். நூற்றுக்கணக்கான சின்ன மரங்களை அடுக்கி ஒரே பெரிய மரம் மாதிரி கட்டுவது. அதன் முன்னால் நின்று சிரித்து ஒரு படம் எடுத்து இன்ஸ்டாவில் போட்டேன். "உனக்கென்னடி, ஜாலியா இருக்க" என்று சென்னைத் தோழிகள் எழுதினார்கள். நான் அறைக்குத் திரும்பி ரசம் சாதத்தை நின்றபடியே தின்றுவிட்டு அழுதேன். அந்தப் படத்தைப் பார்த்த யாரும் எனக்கு உதவியிருக்க முடியாது. உதவி தேவை என்று நான் காட்டவே இல்லையே.

டிசம்பர் 18 இரவு திடீரென்று முடிவு செய்து 1,240 யூரோவுக்கு டிக்கெட் போட்டேன். அன்றைய கணக்கில் ஒரு லட்சத்துக்கு மேல். இரண்டு மாதம் முன்னால் போட்டிருந்தால் பாதி விலைக்குக் கிடைத்திருக்கும். வீட்டில் "லீவு விட்டுட்டாங்க" என்று சொன்னேன். முழுப் பொய் இல்லை, ஆனால் விடுமுறை ஜனவரி முதல் வாரத்தோடு முடிந்துவிடும். நான் ஜனவரி 12 வரை இருந்தேன். அதற்குள் பிப்ரவரித் தேர்வுகளுக்கு ஆன்லைனில் பதிவு செய்கிற கடைசி நாள் போய்விட்டது. இரண்டு பாடம். அடுத்த வாய்ப்புக்கு ஆறு மாதம் காத்திருக்க வேண்டியிருந்தது. படிப்பு ஒரு செமஸ்டர் நீண்டது, கடனுக்கு வட்டியும் ஏறியது. கிளம்புகிற அவசரத்தில் செமஸ்டர் காலண்டரை ஒரு தடவை திறந்து பார்த்திருந்தால் இந்த நஷ்டம் வந்திருக்காது. எவ்வளவு மனம் உடைந்து டிக்கெட் போட்டாலும் அதற்கு முன்னால் அந்த ஒரு பக்கத்தைத் திறந்து பார்த்துவிடுங்கள்.

சரி, ஊரில் போய் நிம்மதியாக இருந்தேனா என்றால் மூன்று நாள் இருந்தேன். அம்மா கையால் சாப்பிட்டேன், நன்றாகத் தூங்கினேன். நான்காம் நாளில் இருந்து திரும்பிப் போகிற தேதியை எண்ண ஆரம்பித்தேன். கல்லூரித் தோழிகள் இருவரும் சென்னையில் வேலையில் இருந்தார்கள். ஒரு ஞாயிறு மதியம் இரண்டு மணி நேரம் பார்க்க முடிந்தது. அவர்கள் பேசியதில் பாதி, நான் போன பிறகு நடந்த கதை. யார் யாரோ பெயர்கள் வந்தன. சிரித்துக்கொண்டே கேட்டேன், உள்ளுக்குள் வலித்தது. நாம் இல்லாமல் ஊர் நின்றுவிடாது என்பதை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. எந்த வீட்டை நினைத்து அழுதேனோ அது செப்டம்பரில் நான் விட்டுப்போன வீடு. ஜனவரியில் அங்கே என் கட்டில் மேல் தையல் மெஷின் இருந்தது.

பொங்கலுக்கு இருந்துவிட்டுப் போ என்று எல்லோரும் சொன்னார்கள். வகுப்பு ஏற்கெனவே ஒரு வாரம் போயிருந்தது. ஜனவரி 13 அன்று டஸ்ஸல்டார்ஃப் விமான நிலையத்தில் இறங்கினேன். 15-ஆம் தேதி ஞாயிறு பொங்கல். கோவில்பட்டியில் காலை ஆறே முக்காலுக்குப் பானை வைத்தார்கள், எனக்கு இரவு இரண்டேகால். தம்பி போனை அம்மிக்கல் மேல் சாய்த்து வைத்திருந்தான். புகைக்கு நடுவில் பானை கொஞ்சம் தெரிந்தது. பால் பொங்கி வழிந்தபோது எல்லோரும் "பொங்கலோ பொங்கல்" என்றார்கள். நானும் சொல்லலாம் என்று வாயைத் திறந்தேன், சத்தம் வரவில்லை. அம்மா திரும்பிப் பார்த்தாள். போனைக் கையில் எடுத்துக்கொண்டு அரங்கு வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். "என்ன தாயி, சொல்லு. எவ்வளவு நாளா இப்படி?" என்று கேட்டாள். அப்போதுதான் முதல் தடவையாக எல்லாவற்றையும் சொன்னேன், தேர்வு போனதையும் சேர்த்து. "பணம் போனாப் போகுது, முடியலைன்னா வந்துரு" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, "எனக்கும் ராத்திரி தூக்கம் இல்ல, நீ அஞ்சு மணிக்குக் கூப்பிடுவன்னு நாலு மணிக்கே முழிப்பு வந்துருது" என்றாள். அதை நான் நினைத்துப் பார்த்ததே இல்லை. ராத்திரி தோறும் போனில் இருந்தது எனக்கு ஆறுதல் என்று நினைத்தேன். அது அம்மாவையும் ஜெர்மனி நேரத்துக்கு இழுத்திருக்கிறது.

அன்றைக்கே இருவரும் ஓர் ஏற்பாடு செய்தோம். அங்கே மதியம் ஒரு மணி, ஊரில் மாலை ஐந்தரை. தினமும் அந்த நேரத்தில் இருபது நிமிடம். ஞாயிறு மட்டும் நீண்ட பேச்சு. "நல்லா இருக்கேன்" என்று சும்மா சொல்லக் கூடாது. அன்றைக்கு நடந்த ஒரு நல்லதும் ஒரு கெட்டதும் சொல்ல வேண்டும். முதல் ஒரு வாரம் இரவு பன்னிரண்டரைக்கு விழிப்பு வந்து கை தானாகப் போனைத் தேடியது. பழக இரண்டு வாரம் ஆனது. மதியம் வெளிச்சம் இருக்கும்போதே வெளியே நடந்துகொண்டே பேசியதில் உடம்பும் கொஞ்சம் தேறியது. இதை யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை, ஆனால் நான் செய்தவற்றிலேயே அதிகப் பலன் தந்தது இதுதான்.

அந்தத் தனி வீட்டை விட்டுப் போவதென்றும் முடிவு செய்தேன். அதிலும் பணம் போனது. ஜெர்மனியில் வாடகை வீட்டைக் காலி செய்ய வழக்கமாக மூன்று மாத நோட்டீஸ். ஜனவரி 28 அன்று வீட்டுக்காரருக்கு மின்னஞ்சல் போட்டேன். மின்னஞ்சல் செல்லாது, கையெழுத்துப் போட்ட கடிதம் வேண்டும் என்று நான்கு நாள் கழித்துப் பதில் வந்தது. கடிதம் அவர் கைக்குப் போனது பிப்ரவரி 8. மாதத்தின் மூன்றாவது வேலை நாளுக்குள் போய்ச் சேர்ந்தால்தான் அந்த மாதம் கணக்கில் சேரும். பிப்ரவரியின் முதல் மூன்று வேலை நாளுக்குள் கடிதம் போயிருந்தால் ஏப்ரலோடு முடிந்திருக்கும், மே கடைசி வரை இழுத்துவிட்டது. மார்ச் 1 அன்று ஒரு வேகேயில் சேர்ந்துவிட்டேன். ஆக மூன்று மாதம் இரண்டு வாடகை, 1,170 யூரோ தண்டம். எனக்குப் பதில் வேறு மாணவியைக் கூட்டி வருகிறேன் என்று கேட்டுப் பார்த்தேன், வீட்டுக்காரர் சம்மதிக்கவில்லை. சம்மதிக்க வேண்டிய கட்டாயமும் அவருக்கு இல்லை. முதல் ஆறு மாதத்துக்கு இரண்டு மூன்று மாத உள்வாடகை அறையாகப் பாருங்கள். பிடித்தால் தொடரலாம். விட நினைத்தால் கையெழுத்துப் போட்ட கடிதம், பதிவுத் தபால், மாதம் பிறப்பதற்கு முன்.

பிப்ரவரியில் பல்கலைக்கழக மாணவர் நலத் துறையின் மனநல ஆலோசனைக்குப் போனேன். இலவசம், ஆங்கிலத்தில் பேசலாம். முறை வர மூன்று வாரம் காத்திருந்தேன், அதனால் மோசமான பிறகு போகலாம் என்று இருக்காதீர்கள். அங்கே இருந்த அம்மையார் நான் சொன்னதை எல்லாம் கேட்டுவிட்டு, இதற்கு எங்கள் மொழியில் ஹைம்வே என்று பெயர், வீட்டு நோவு என்று அர்த்தம் என்றார். அந்த வார்த்தையைத் தேடிப் படித்தபோது எனக்குப் பெரிய ஆறுதல் கிடைத்தது. 1688-இல் சுவிட்சர்லாந்தின் பாசெல் பல்கலைக்கழகத்தில் யோஹானஸ் ஹோஃபர் என்ற மருத்துவ மாணவர் இந்த நோயைப் பற்றித்தான் ஆய்வேடு எழுதியிருக்கிறார். நாஸ்டால்ஜியா என்ற வார்த்தையை உண்டாக்கியவரே அவர்தான். அதில் பெர்ன் நகரத்தில் இருந்து பாசெலுக்குப் படிக்க வந்த ஒரு பையனின் கதை வருகிறது. காய்ச்சலில் கிடந்து, பிழைக்க மாட்டான் என்று வீட்டுக்கு அனுப்புகிறார்கள், வழியிலேயே தேறிவிடுகிறான். அந்த இரண்டு ஊருக்கும் சுமார் நூறு கிலோமீட்டர்தான். கோவில்பட்டிக்கும் மதுரைக்கும் உள்ள தூரம். முந்நூறு வருஷம் முன்னால் நூறு கிலோமீட்டர் தள்ளிப் போன ஒருவன் படுத்துவிட்டான் என்றால், ஏழாயிரம் கிலோமீட்டர் தாண்டி வந்த நான் கோழை இல்லை.

ராத்திரியில் தாங்க முடியாமல் போனால் டெலிஃபோன்ஸேல்ஸோர்கெ என்ற உதவி எண் இருக்கிறது: 0800 1110111. ஜெர்மனிக்குள் இலவசம், இருபத்து நான்கு மணி நேரமும். பெரும்பாலும் ஜெர்மன் மொழிதான், ஆனாலும் எண்ணைப் போனில் வைத்திருங்கள். உயிருக்கு ஆபத்து என்று தோன்றினால் 112. அப்போது மாதாமாதம் சுமார் 120 யூரோ கட்டிய மாணவர் இன்சூரன்ஸில் மனநல சிகிச்சையும் அடக்கம் என்பது எனக்கு நான்கு மாதம் தெரியாமலே இருந்தது.

டோர்ட்முண்டின் வடக்குப் பகுதியில் ஈழத்தமிழர் ஒருவரின் மளிகைக் கடை இருக்கிறது. கறிவேப்பிலை வாங்க மாதம் ஒரு தடவை போவேன், பேசாமல் வந்துவிடுவேன். ஒரு நாள் கல்லாவில் இருந்த அன்ரி, "எங்கயிருந்து வாறீர் பிள்ளை? ரெண்டு மூண்டு மாசமாப் பாக்கிறன், முகம் வாடிக் கிடக்கு" என்றார். சொன்னேன். அவர் 83 கலவரத்துக்குப் பிறகு பத்தொன்பது வயதில் வந்தவர். "நாங்கள் வந்த காலத்தில கடிதம் போய்ச் சேருமோ எண்டே தெரியாது. உமக்கு ஊர் அங்கயே கிடக்கு, எங்கயும் ஓடிப் போகாது. முதல்ல நேரத்துக்குச் சாப்பிடும்" என்றார். தன் துயரத்தைக் காட்டி என் துயரத்தைச் சின்னதாக்குகிற பேச்சாக அது இல்லை. ஒரு பொட்டலம் வறுத்த மிளகாய்த்தூளைப் பையில் போட்டுவிட்டு, காசு வாங்கவில்லை. அவர்தான் ஹாம் நகரத்துக் காமாட்சி அம்மன் கோயிலுக்குப் போகச் சொன்னார். ஈழத்தமிழர்கள் கட்டியது, 2002-இல் குடமுழுக்கு ஆனது. தொழிற்பேட்டை நடுவில் திடீரென்று கோபுரம் எழுந்து நிற்கும். அப்போது எங்கள் செமஸ்டர் டிக்கெட்டில் மாநிலம் முழுக்கப் போக முடிந்தது, அதனால் பயணச் செலவும் இல்லை. அங்கே போய் மனப்பாரம் தீர்ந்துவிட்டது என்று சொல்ல மாட்டேன். ஆனால் பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டபோது பக்கத்தில் இருந்த பாட்டி என் இலையில் இன்னொரு கரண்டி சோறு போடச் சொல்லிக் கை காட்டினார். அது போதுமாக இருந்தது.

ஜெர்மன்காரர்கள் ஒட்ட மாட்டார்கள் என்று எல்லோரும் சொல்வார்கள். நானும் அப்படித்தான் நம்பினேன். வகுப்பில் ஒரு பெண்ணிடம் ஒரு நாள் காபி குடிக்கலாமா என்று கேட்டதற்கு, அவள் காலண்டரை எடுத்துப் புரட்டிவிட்டு, பதினேழு நாள் தள்ளி ஒரு தேதி சொன்னாள். தட்டிக் கழிக்கிறாள் என்று நினைத்து நான் போகவில்லை. அவள் அன்றைக்கு வந்து முக்கால் மணி நேரம் காத்திருந்திருக்கிறாள். காலண்டரில் பெயர் எழுதிவிட்டால் அது அவர்களுக்கு வாக்குக் கொடுத்த மாதிரி. அவளிடம் பிறகு மன்னிப்புக் கேட்டேன், ஆனால் அந்தப் பழக்கம் திரும்ப ஒட்டவில்லை. எனக்கு இன்னும் அது வருத்தம்தான். நம் ஊரில் அழைப்பு திடீரென்று வரும், பிடிக்காவிட்டால் "பார்க்கலாம்" என்போம். அங்கே தேதி சொன்னால் வருவார்கள். பிடிக்கவில்லை என்றால் தேதியே சொல்ல மாட்டார்கள்.

புது வேகேயில் நாங்கள் மூன்று பேர். நான், ஒரு ஜெர்மன் பெண், ஒரு துருக்கிப் பெண். குளிர்சாதனப் பெட்டிக் கதவில் புட்ஸ்பிளான் என்று ஓர் அட்டை: யார் எந்த வாரம் கழிப்பறை, யார் அடுப்பு, யார் குப்பை. காந்தத்தில் எங்கள் பெயர் எழுதியிருக்கும், ஞாயிறு தோறும் ஓரிடம் தள்ளி வைக்க வேண்டும். முதல் சண்டையே அதில்தான் வந்தது. கடுகு தாளித்த எண்ணெய் அடுப்புக்குப் பின்னால் இருக்கும் சுவர் ஓட்டில் தெறித்திருக்கிறது என்று அந்த ஜெர்மன் பெண் முகத்துக்கு நேரே சொன்னாள். எனக்குச் சுருக்கென்றது. இரண்டு நாள் அறையை விட்டு வெளியே வரவில்லை. மூன்றாம் நாள் அவள் எதுவுமே நடக்காத மாதிரி, கோடையில் மிதிவண்டி வேண்டுமா என்று கேட்டாள். குறை சொல்வதும் பழகுவதும் அவர்களுக்கு வேறு வேறு என்பது அப்போதுதான் புரிந்தது. அந்த மார்ச்சில் எரிவாயு விலையை ஈடுகட்ட மாணவர்களுக்கு அரசு 200 யூரோ கொடுத்தது. எங்களுக்கும் உண்டு என்று சொல்லி, பக்கத்தில் உட்கார்ந்து விண்ணப்பத்தை நிரப்பித் தந்தவளும் அவள்தான். தனி வீட்டிலேயே இருந்திருந்தால் எனக்குத் தெரிந்தே இருக்காது.

பல்கலைக்கழக விளையாட்டுப் பிரிவில் பாட்மின்டன் சேர்ந்தேன். செமஸ்டருக்கு 25 யூரோ, செவ்வாய் மாலை ஆறு மணி. முதல் நான்கு வாரம் "ஹலோ", போகும்போது சொல்கிற "சியூஸ்" தவிர யாரும் எதுவும் பேசவில்லை. ஐந்தாவது வாரம் நான் வரவில்லை, ஆறாவது வாரம் "போன வாரம் எங்கே?" என்று இருவர் கேட்டார்கள். நண்பர்களைத் தேடிக் கூட்டங்களுக்குப் போனபோது எனக்கு ஒருவரும் கிடைக்கவில்லை. ஒரே இடம், ஒரே நேரம், ஒரே முகங்கள், ஏதாவது ஒரு வேலை என்று மூன்று மாதம் விடாமல் போன இடத்தில் கிடைத்தார்கள். திருச்சித் தோழிக்கும் ஏப்ரலில் போன் போட்டு நடந்ததைச் சொன்னேன். அவளும் ஸ்டுட்கார்ட்டில் தினமும் அழுதிருக்கிறாள். இரண்டு பேரும் ஒருவருக்கொருவர் சிரித்த படங்களை அனுப்பிக்கொண்டு இருந்திருக்கிறோம்.

2024 ஜனவரி 15, திங்கட்கிழமை. வேகே சமையலறையில் சின்னக் குண்டானில் பொங்கல் வைத்தேன். பால் பொங்குகிற நேரம் மற்ற இருவரையும் கூப்பிட்டு நிறுத்தியிருந்தேன். இறக்கிவிடலாம் என்று துருக்கிக்காரி கையை நீட்டினாள், வழியட்டும் என்று தடுத்தேன். செராமிக் அடுப்பில் வழிந்து கருகி, வீடு முழுக்கத் தீய்ந்த பால் வாசனை. அந்த வாரம் அடுப்பு துடைக்கிற முறை ஜெர்மன் பெண்ணுடையது. சாப்பிட்டு முடித்துவிட்டு, கருகியதைச் சுரண்டுகிற பிளேடை எடுத்துக்கொண்டு அவள் அடுப்புக்கு முன்னால் நின்றாள். நான் செய்கிறேன் என்றேன், விடவில்லை. அரை மணி நேரம் சுரண்டினாள். பிறகு கையைத் துடைத்துக்கொண்டு போனைத் திறந்து, அடுத்த வருஷம் இது எந்தத் தேதி என்று கேட்டாள். ஜனவரி 14 என்றேன். காலண்டரில் எழுதிக்கொண்டாள்.